சைலன்சர் இல்லாத ஸ்ப்ளெண்டர்

எங்கள் தோப்பில் ஓடும் ஸ்ப்ளெண்டருக்குச் சைலன்சர் கிடையாது. கிக்கர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. டேங்க் இருக்கிறது, உள்ளே பெட்ரோல் இல்லை. அப்பா வாங்கி இருபது வருடத்துக்கு மேல் உரமூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் சுமந்த வண்டி. எஞ்சின் நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. ஏற்கெனவே போர் வேலை பார்த்தாகிவிட்டது, இனி சிலிண்டர் கிட்டையே புதிதாகப் போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை கேட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஃபிரேம் நேராக இருக்கிறது, ரிம்மில் கோணல் இல்லை, ஷாக்அப்சார்பர் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது ஒரே ஓர் உறுப்பு. அதற்காக முழு வண்டியையும் தராசில் ஏற்றுவதா?

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். கோவையில் பம்ப்செட் மோட்டார் செய்யும் இடத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஆனைமலைப் பக்கம் தோப்பைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவள். வண்டியை மின்சாரத்துக்கு மாற்றிய பிறகு அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மோட்டாரைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை வாட், எவ்வளவு ஸ்பீடு, எங்கே வாங்கினீர்கள் என்றே பேச்சு போகிறது. மோட்டார் எளிதான வேலை. கவனம் முழுக்கப் போக வேண்டியது பேட்டரிப் பெட்டிக்கும், அதிலிருந்து கிளம்பும் இரண்டு தடித்த வயர்களுக்கும், அப்புறம் ஆர்.சி. புத்தகத்துக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வண்டி தோப்பு வேலிக்குள் மட்டும்தான் ஓடுகிறது. வெளியே இட்டேரிக்குக்கூட வராது. காரணம் பின்னால் வரும்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு 100 சிசி வண்டி 60 கிலோமீட்டர் சுமாராகப் போகும். எங்கள் வண்டி அதே தூரத்துக்குப் பேட்டரியிலிருந்து எடுப்பது 2 யூனிட்டை ஒட்டித்தான். அப்படியானால் பெட்ரோலில் மிச்சமிருந்த 7 யூனிட் எங்கே போனது? ஓடி நின்ற எஞ்சினில் கை வைத்தவர்களுக்குப் பதில் தெரியும். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடு வைத்து வார்த்திருப்பதே அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதற்குத்தான். மீதி, சைலன்சர் வழியாகப் போகிறது. நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்திலும் சூடு வீணாகிறதே என்று கேட்பார்கள். ஆமாம், வீணாகத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாலைகளும் அதே கம்பியில்தான் மின்சாரம் அனுப்புகின்றன. பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படி இன்னொரு வழி கிடையாது.

இந்த வேலைக்கு எங்கள் கோவைப் பக்கம் ஏற்ற மண் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். ஓட்டியதோடு நிற்காமல் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தார். அதே மனிதர்தான் 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார். மோட்டார்சைக்கிளும் மின்மோட்டாரும் ஒரே கையில் இருந்த ஊர் இது. இன்றைக்கும் கணபதி, பீளமேடு பக்கம் போனால் ஷாஃப்ட் கடைய லேத், காயில் கட்ட வைண்டிங் கடை, பேரிங், பல்சக்கரம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும்.

மோட்டாரை எங்கே வைப்பது என்பதுதான் முதல் முடிவு. பெரும்பாலானவர்கள் பின்சக்கரத்துக்குள்ளேயே உட்காரும் ஹப் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் செயினே வேண்டாம், ஒரு நாள் வேலை. சமதளமான ஊர்த்தெருவில் ஒற்றை ஆள் போக அது போதும். தோப்புக்கு அது ஆகாது. ஐம்பது கிலோ மூட்டையோடு, நனைந்த மண்ணில், நடக்கிற வேகத்தில் வரப்பு ஏற வேண்டும். மெதுவாகச் சுற்றிக்கொண்டு நிறைய இழுக்கச் சொன்னால் மோட்டார் கரண்டை அள்ளும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலின் சூடு நான்கு மடங்காகும். ஹப் மோட்டார் மூடிய டப்பா, சூடு வெளியேற வழி குறைவு.

அதனால் எஞ்சின் இருந்த இடத்திலேயே மோட்டாரை வைத்தேன். ஸ்ப்ளெண்டரில் எஞ்சினுக்குக் கீழேயும் இரண்டு குழாய் ஓடித் தொட்டில்போல் தாங்குகிற ஃபிரேம். எஞ்சினை எடுத்தாலும் வண்டி தளராது. சில வண்டிகளில் எஞ்சினே ஃபிரேமின் ஒரு பாகமாக இருக்கும். அதை எடுத்தால் வேறு இரும்பு போட்டு இணைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 3000 சுற்று போகிறது. பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர் உருளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 360 சுற்றுதான் சுற்ற வேண்டும். ஆக, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். வண்டியின் சொந்தச் செயினில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல், அது மூன்று மடங்கு குறைக்கும். மிச்சத்துக்கு நடுவே ஒரு சின்ன ஷாஃப்ட் போட்டு, மோட்டாரில் 15 பல், ஷாஃப்ட்டில் 40 பல். இரண்டையும் பெருக்கினால் எட்டு.

அந்த ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுத்த லேத்துக்காரர், நான் காகிதத்தில் வரைந்து போன படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பழைய எஞ்சினைக் கொண்டுவரச் சொன்னார். கேஸிங்கிலிருந்து செயின் பல்சக்கரம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரில் அளந்தார். "அம்மிணி, பல்சக்கரம் முன்னே இருந்த அதே எடத்துக்குத்தானுங்க வரோணும். அரை மில்லி தள்ளுனாலும் செயின் கத்தும். மேலெ கீழெ மாறுனா, பள்ளத்துல வுழுந்து எந்திரிக்கறப்ப செயின் ஒருக்கா இறுகும், ஒருக்கா தளரும்" என்றார். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது செயினின் இழுவை அளவுக்குள் இருக்க வேண்டும் என்றால், முன் பல்சக்கரம் கம்பெனி வைத்த இடத்தில் இருந்தால்தான் சரிவரும். படத்தில் நான் அதைச் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த அறிவு அது. இந்த மாதிரி ஆளைத் தேடிப் பிடிப்பதற்குச் செலவழிக்கும் நேரம் வீண் போகாது.

பேட்டரிக்கு வருகிறேன். லித்தியம் பேட்டரியில் பல வகை உண்டு. வீட்டில் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்றைத்தான். 1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. அந்த ஆய்வுக் கட்டுரையில் அவரோடு நஞ்சுண்டசாமி, பாதி என்ற இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. குட்இனஃபுக்கு லித்தியம் பேட்டரிக்கான நோபல் பரிசு 2019-இல், அவருடைய 97-ஆவது வயதில் கிடைத்தது. இந்த வகை செல் கனமானது, அதே எடைக்குக் குறைவாகத்தான் சேமிக்கும். ஆனால் சூடேறினால் மற்ற வகைகளைப் போல எளிதில் ஆக்சிஜனைக் கக்காது, அதனால் தீ பிடிக்கும் வாய்ப்பு குறைவு. வாய்ப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சு முட்டி ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை மறந்துவிட்டு யாரும் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட். 16 செல்லை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட், முழுசாகச் சார்ஜ் ஏறினால் 58.4. வேண்டுமென்றுதான் இந்த எண்ணிக்கையோடு நின்றேன். டி.சி. மின்சாரம் 60 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்வரை, உலர்ந்த கை தவறிப் பட்டாலும் ஆபத்து குறைவு. 72 வோல்ட் போட்டால் வேகம் கூடும், அந்தப் பாதுகாப்பு போய்விடும். என் செல்கள் 50 ஆம்பியர்-மணி கொண்டவை, மொத்தம் இரண்டரை யூனிட் கொள்ளும். அடி வரை காலி செய்யாமல் ஓட்டினால் தோப்பு வேலைக்கு 60 கிலோமீட்டர் தாராளம்.

ஷாக் ஆபத்து குறைவு என்பதால் இந்தப் பேட்டரி சாது என்று அர்த்தமில்லை. ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் பேட்டரி கட்டுவதற்கு என்றே வைத்திருக்கும் ஸ்பேனர்களுக்குப் பிடிமுனை முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

இனி எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுகிற இடம். செங்கல் வடிவத்தில் வரும் இந்தச் செல்களின் உடம்பு அலுமினியம். மேலே நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கும். மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது அந்த உறை போதும் என்று தோன்றும். வண்டியில் ஏற்றினால் ஓயாத அதிர்வு. செல்லோடு செல் உரசி, நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால், உறை தேய்ந்து அலுமினியமும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துச் செல்களின் உடம்புகளுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் இருப்பதால் அது உள்ளேயே ஷார்ட். எனவே ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் கண்ணாடிநார் எபாக்ஸி அட்டை வெட்டி வைத்தேன். மொத்தத்தையும் இரண்டு பக்கம் பலகைத் தகடு கொடுத்து, நீள போல்ட் போட்டு, அசையாமல் இறுக்கினேன். பெட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு. பெட்டிக்கு இரும்புத் தகடுதான் போட்டேன். எடை கூடினாலும் பரவாயில்லை, கல் தெறித்தால் தாங்க வேண்டும்.

வரிசையில் கோர்ப்பதற்கு முன்னால் எல்லாச் செல்லையும் ஒரே மட்டத்துக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று பாதியில் நிற்கும். அதற்குப் பிறகு பி.எம்.எஸ். என்கிற காவல் அட்டை பார்த்துக்கொள்ளும்: எந்த ஒரு செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும், 2.5-க்குக் கீழே இறங்கினால் மோட்டாருக்குப் போவதைத் துண்டிக்கும். இந்த அட்டை இல்லாமல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடுவதை நான் கண்ணால் பார்த்தால் அங்கேயே பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

கிணற்றடி மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்திருக்கிற விவசாயிகளுக்கு ஒரு கேள்வி வரும்: அந்தக் கான்டாக்டரையே இந்த வண்டிக்கும் போட்டால் என்ன? கூடாது. நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் நெருப்புப்பொறி அந்தக் கணத்தில் அணைந்துவிடும். பேட்டரியின் டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி இழுத்துக்கொண்டே நிற்கும், கான்டாக்ட் உருகும். ஃப்யூஸ், எம்.சி.பி., கான்டாக்டர் மூன்றும் டி.சி.க்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். ஃப்யூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வயர் எங்கே அறுந்து ஷார்ட் ஆனாலும் ஃப்யூஸ் போகும், வண்டி போகாது.

கன்ட்ரோலர் என்கிற பெட்டி பேட்டரியின் டி.சி.யை மூன்று ஃபேஸாக வெட்டி மோட்டாரின் காயில்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. மோட்டாருக்குள் ஹால் சென்சார் மூன்று இருக்கின்றன. காந்தம் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவை சொல்லச் சொல்ல, கன்ட்ரோலர் அடுத்த காயிலுக்குத் தாவும். கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருப்பதால் நேராகப் பேட்டரியை இணைத்தால் பட்டென்று பொறி அடித்து முனை கருகும். ஒரு ரெசிஸ்டர் வழியாக ஓரிரு நொடி மெதுவாக நிரப்பிவிட்டுத்தான் கான்டாக்டர் மூட வேண்டும். எங்கள் வண்டியில் சாவியின் முதல் திருப்பு அதைச் செய்கிறது, இரண்டாவது திருப்பில் வண்டி தயார்.

மழைக்காலத்தில் ஒரு தடவை வண்டி திக்கித் திக்கி உதறியது. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் ஊரில் சாரல் நாள்கணக்கில் நிற்காது. ஹால் சென்சார் வயரின் கனெக்டரில் ஈரம் கோத்திருந்தது. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒவ்வொரு சென்சாரும் 0 வோல்ட், 5 வோல்ட் என்று மாறி மாறிக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் நடுவில் எங்கேயோ நின்றது. கனெக்டரை உலர்த்தி, தண்ணீர் புகாத ரகமாக மாற்றி, வாய் கீழே பார்க்கும்படி கட்டியதோடு சரியானது.

விளக்கு, ஹார்னுக்குத் தனி வேலை உண்டு. பழைய ஸ்ப்ளெண்டரின் ஹெட்லைட் எஞ்சின் சுற்றுவதால் வரும் மின்சாரத்தில் நேராக எரிவது, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மங்கும். எஞ்சின் போனதும் அதுவும் போகும். பேட்டரி மின்சாரத்தை 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு எல்.ஈ.டி. பல்பு மாட்டினேன். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரக் கேபிளில் ஓடுவதால் தொடவே தேவையில்லை. பிரேக்கில் மட்டும் அலட்சியம் கூடாது. ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்குமே, அந்தப் பிடிமானம் இனி இல்லை. இரண்டு பக்கமும் புது பிரேக் ஷூ போட்டு, லீவரைத் தொட்டாலே மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வைத்தேன்.

அப்பாதான் இப்போது அதிகம் ஓட்டுகிறார். "சத்தமே இல்லீன்னா மயிலு நவுர மாட்டீங்குது, சாமி" என்றார். மயில் மட்டுமில்லை, குனிந்து மட்டை பொறுக்குகிறவர்களுக்கும் பின்னால் வண்டி வருவது தெரியவில்லை. மாட்டுக்குக் கட்டும் மணி ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார்.

சார்ஜ் போடுவது வீட்டுக்குள் இல்லை. தள்ளியிருக்கும் பழைய ஓட்டுத் தொழுவத்தில், தென்னை நாரும் மட்டையும் அண்டாத சிமெண்ட் தரையில். வயரிங் வீட்டு மீட்டரிலிருந்து தனியாக இழுத்தது, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யோடு. கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரம் தண்ணீர் இறைப்பதற்காகக் கொடுத்தது. அதில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது முறையில்லை.

சாலைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியின் எஞ்சின், எரிபொருள் போன்ற அடிப்படை விவரங்களை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பெட்ரோல் வண்டியை மின்வண்டியாக்க வழியே இல்லை என்பதில்லை. ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரத்தின்படி சோதித்து அனுமதி பெற்ற மாற்றுக் கிட்டுகள் உண்டு. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற மையங்கள் அந்தச் சோதனையைச் செய்கின்றன. எந்த மாடலுக்கு அனுமதி வாங்கியதோ அந்த மாடலில் மட்டும், கிட் நிறுவனம் அங்கீகரித்த பட்டறையில் பூட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்து, பச்சை நம்பர் பிளேட் மாட்டினால் சாலையில் கூசாமல் ஓட்டலாம். நான் செய்ததுபோல் லேத்தில் கடைந்து கட்டிய வண்டிக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போய் யாரையாவது இடித்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், அடிபட்டவர் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது சிக்கலில் மாட்டும். இந்த ஒரு காரணம் எனக்குப் போதும். கல்லூரிப் பையன்கள் ஆசையோடு வந்து கேட்கும்போது, அனுமதி பெற்ற கிட்டைப் பாருங்கள், இல்லையா, சொந்த நிலத்துக்குள் ஓட்டுங்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

காசு மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இறங்குகிறவர்களை நான் தடுப்பேன். செலவில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே போனது. தினமும் ஓடாத வண்டி என்றால் பெட்ரோலில் மிச்சம் பிடித்து அதை எடுக்க வருடங்கள் ஆகும். தினமும் ஒரே மாதிரி முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, கரண்ட் பக்கத்தில் இருக்கிற இடம், மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை, இந்த மூன்றும் சேர்ந்தால் தைரியமாகச் செய்யலாம். முதலில் வாங்க வேண்டியது மோட்டார் இல்லை, நல்ல கிரிம்பிங் கருவி. தடித்த வயரின் முனையில் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கினால் வெளியே இறுகியதுபோல் தெரியும், உள்ளே இழைகளுக்கு நடுவில் இடைவெளி நிற்கும். 50 ஆம்பியர் போகும்போது அந்த இடம் சுடும். ஹைட்ராலிக் கருவியில் நசுக்கிய லக்கை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இழைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே தாமிரக் கட்டியாக இருக்கும். நான்கைந்து லக்கை அப்படி அறுத்துப் பார்த்துப் பழகிவிட்டு வண்டிக்கு வந்தால் போதும்.

செல்கள் என்றைக்காவது தளரத்தான் செய்யும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும் வகை இது. அதற்கப்புறமும் உள்ளே முக்கால் பங்குக்கு மேல் கொள்ளளவு இருக்கும். வரப்பு ஏற உதவாமல் போனால், அந்த 16 செல்லையும் பெட்டியோடு இறக்கி வீட்டு 48 வோல்ட் இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிடலாம், லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜ் அளவை மட்டும் அதில் மாற்றி வைக்க வேண்டும்.